ஒரு வீடு, நான்கு பொறுப்பாளர்கள்: ஃப்ரட்டர்னிட்டி கிளை ஒன்றையும் அதன் பல்கலைக்கழகத்தையும் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வருவது அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியைச் சேர்ந்த ஓர் அரசுப் பல்கலைக்கழகம். அதன் பெயரையும், சம்பந்தப்பட்ட சங்கத்தின் பெயரையும், மாணவர்களை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களையும் தவிர்த்திருக்கிறேன். 2022 கோடையிலிருந்து 2025 வசந்தம் வரை அங்கே மாணவர் நல அலுவலகத்தில், ஃப்ரட்டர்னிட்டி, சொராரிட்டி சங்கங்களுக்கான ஆலோசகர்களில் ஒருவராகப் பணியாற்றினேன். ஆகவே இங்கே பதிவாகும் தவறுகளில் சில என்னுடையவை.

இந்தச் சங்கங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிராதவர்களுக்குச் சில வரிகள். கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவர் சங்கங்களில் முதலாவது, 1776 இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தோன்றிய ஃபை பீட்டா கப்பா. 1825 இல் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் கப்பா ஆல்ஃபா உருவானதிலிருந்து, ஒன்றாகத் தங்கி, ஒன்றாக உண்டு, வாழ்நாள் முழுதும் உறவு கொண்டாடும், ஃப்ரட்டர்னிட்டி எனப்படும் ஆண்கள் சங்கங்கள் பரவின. பெண்களுக்கான சங்கங்கள் சொராரிட்டி எனப்பட்டன. அவற்றில் பல 1902 இல் தொடங்கிய தேசியப் பான்ஹெலெனிக் மாநாட்டின் கீழ் இன்று இயங்குகின்றன. கறுப்பின மாணவர்களின் ஒன்பது சங்கங்களுக்கு 1930 இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான தனிப் பேரவை இருக்கிறது. தெற்காசிய மாணவர்களின் சங்கங்கள் மிகப் பிந்தியவை. அவற்றில் இரண்டு 1998 இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் பிறந்தன.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எளிதில் பிடிபடாத ஒன்று, ஒரு ஃப்ரட்டர்னிட்டி வீட்டுக்கு யார் பொறுப்பு என்பதுதான். நாம் எடுத்துக்கொண்ட வீட்டின் நிலமும் கட்டடமும் முன்னாள் மாணவர்கள் நடத்தும் ஒரு சொத்துக் குழுவுக்கு உரியவை. கிளை நடத்தும் உரிமத்தையும் காப்பீட்டையும் வைத்திருப்பது வேறொரு மாநிலத்தில் உள்ள சங்கத் தலைமையகம். அன்றாடம் வீட்டை நடத்துபவர்கள், தங்களுக்குள் தேர்தல் வைத்துப் பதவிக்கு வரும் இருபது, இருபத்தொரு வயது மாணவர்கள். பல்கலைக்கழகத்திடம் இருப்பது அங்கீகாரம் மட்டுமே. அந்த அங்கீகாரத்தால் வளாக அரங்கை முன்பதிவு செய்யலாம், புது மாணவர் வரவேற்பில் மேசை போடலாம், உள்வளாக விளையாட்டுப் போட்டிகளில் அணி இறக்கலாம். அங்கீகாரத்தை ரத்து செய்தாலும் வீடு அங்கேதான் இருக்கும், விளக்குகளும் எரியும். வளாகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, தனியார் நிலத்தில் நிற்கும் அந்த வீட்டுக்குள் அழைப்பில்லாமல் நுழைய எங்களுக்கு உரிமை இல்லை. ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்த உரிமையோடு உள்ளே போகிறவர் நகரத் தீயணைப்புத் துறையின் ஆய்வாளர் ஒருவர்தான்.

2022 இலையுதிர் செமஸ்டர் தொடக்கத்தில் இந்தக் கிளையில் 78 உறுப்பினர்கள் இருந்தார்கள். அவர்களில் 31 பேர் வீட்டில் தங்கியிருந்தார்கள். செப்டம்பரில் 24 புதுமுகங்கள் சேர்க்கப்பட்டார்கள். எட்டு வாரப் பயிற்சி முடிந்த பிறகே புதுமுகம் முழு உறுப்பினராவார். ஹேஸிங் எனப்படும் கொடுமை, அதாவது நம்மூர் ராகிங், பெரும்பாலும் இந்த எட்டு வாரத்துக்குள் நடப்பது. நம் கல்லூரிகளில் ராகிங் என்பது வந்து சேர்ந்தவன் மேல் கேட்காமலேயே விழுவது; இங்கே அதற்குள் போகிறவன் தானாக விண்ணப்பித்து, தேர்வாகி, சந்தா கட்டிப் போகிறான். அதனால்தான் அவனிடமிருந்து புகார் வருவது அரிது.

முன்கூட்டியே தெரிந்திருந்தவை

சம்பவத்துக்குப் பிறகு ஆவணங்களை எல்லாம் ஒரே மேசையில் பரப்பிப் பார்த்தபோது, நடக்கவிருந்ததற்கான அறிகுறிகள் நான்கு இடங்களில் தனித்தனியாகப் பதிவாகியிருந்தது தெரிந்தது.

செப்டம்பர் இரண்டாம் வாரம் வந்த தீயணைப்பு ஆய்வாளர், நிலவறையின் பின்கதவு உள்ளிருந்து சங்கிலியால் பூட்டப்பட்டிருப்பதையும், நிலவறைச் சன்னல்கள் கறுப்புப் பிளாஸ்டிக் தாளால் மறைக்கப்பட்டிருப்பதையும் எழுதி, முப்பது நாளில் சரிசெய்ய உத்தரவிட்டார். உத்தரவு சட்டப்படி உரிமையாளருக்கு, அதாவது சொத்துக் குழுவின் தலைவருக்குப் போனது. மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் வசித்த அவர், அதை அப்படியே வீட்டு மேலாளராக இருந்த மாணவருக்கு அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று எடுத்துக்கொண்டார்.

செப்டம்பர் கடைசியில் தலைமையகத்திலிருந்து ஒரு பயண ஆலோசகர் வந்து மூன்று நாள் தங்கினார். முந்தைய ஆண்டு பட்டம் பெற்ற இளைஞர் அவர். ஒரே செமஸ்டரில் பல கிளைகளைச் சுற்றி வருபவர். மூத்தவர்கள் இருக்கும் அறையில் புதுமுகங்கள் வாயே திறப்பதில்லை என்றும், சுவரில் ஒட்டியிருந்த பயிற்சி அட்டவணைக்கும் தலைமையகம் ஒப்புதல் தந்த அட்டவணைக்கும் பொருத்தமில்லை என்றும் அவர் எழுதினார். அந்த அறிக்கையின் ஒரு படி எங்களுக்கும் அனுப்பப்பட்டிருந்தது. ஆனால் அது போன மின்னஞ்சல் முகவரி எனக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவருடையது. முகவரி மாறியதைத் தலைமையகத்துக்குத் தெரிவிக்கும் வேலை என் முதல் வாரப் பட்டியலில் இருந்தது. நான் அதைச் செய்யவில்லை.

மூன்றாவது அறிகுறி எங்கள் அலுவலகத்துக்கே நேராக வந்தது. ஒரு சொராரிட்டியின் பாதுகாப்புப் பொறுப்பாளர், அந்த வீட்டில் நடந்த கூட்டு விருந்துக்குப் பிறகு, தம் உறுப்பினர்களை அதிகாலை மூன்று மணி வரை காரில் கொண்டுவிட்டது தூக்கம் சொக்கிய புதுமுகங்கள்தான் என்று படிவம் நிரப்பி அனுப்பினார். நாங்கள் அதைப் போக்குவரத்துப் பாதுகாப்பு என்ற தலைப்பில் கோப்பில் சேர்த்தோம். தூங்கவிடாமல் ஏவல் வேலை வாங்குவது ஹேஸிங்கின் பால பாடம் என்று மாணவர்களுக்கு வகுப்பெடுத்தவர்களும் நாங்களே.

நான்காவது, சமையற்காரம்மாவின் குறிப்பேடு. அந்த வீட்டில் வாரத்துக்கு ஐந்து நாள் சமைத்த அவர், சொத்துக் குழுவிடம் சம்பளம் வாங்குபவர். வகுப்பு முடிந்து தாமதமாக வருபவர்களுக்குத் தட்டில் சோறு எடுத்துவைத்து, மேலே படலம் ஒட்டிப் பெயர் எழுதுவது அவர் வழக்கம். எல்லா நாளும் பெயர் கொடுக்கும் புதுமுகங்கள் புதன்கிழமைகளில் ஒருவர்கூடப் பெயர் கொடுப்பதில்லை என்பதை அவர் கவனித்திருந்தார். வியாழன் காலையில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் ஆறு கேலன் (ஏறத்தாழ 23 லிட்டர்) பால் குறையும். மளிகைக் கணக்குக்காக அவர் வைத்திருந்த சிறு நோட்டில் தொடர்ந்து நான்கு வாரம், ஒரே கையெழுத்தில், "புதன் – பால் 6" என்ற பொருளில் குறிப்பு இருந்தது. வாந்தி எடுக்கும் வரை பால் குடிக்கவைப்பது பழைய ஹேஸிங் முறைகளில் ஒன்று என்பதை அறிந்தவருக்கு அந்த நான்கு வரி போதும். அவர் மாணவப் பொருளாளரிடம் கேட்டார். பொருளாளர் கேள்வி எதுவும் கேட்காமல் பால் பணத்தைக் கொடுத்துவிட்டார்.

அந்த இரவு

அக்டோபர் கடைசி வாரத்து வியாழக்கிழமை, ஒவ்வொரு புதுமுகத்துக்கும் ஒரு மூத்தவரை ‘அண்ணனாக’ அறிவிக்கும் சடங்கு நடந்தது. தன் ‘குடும்பத்து’ மதுப்புட்டியை அண்ணன் தம்பிக்குக் கொடுப்பதும், தம்பி அதைத் தனியே குடித்து முடிப்பதும் பல வளாகங்களில் வேரூன்றிவிட்ட பழக்கம். 2017 இல் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்திலும், 2021 இல் வர்ஜீனியா காமன்வெல்த், பௌலிங் கிரீன் பல்கலைக்கழகங்களிலும் மாணவர்கள் இறந்தது இதே சடங்கு நடந்த இரவுகளில்தான். ஃப்ரட்டர்னிட்டிகளின் வட அமெரிக்கக் கூட்டமைப்பு 2019 செப்டம்பர் முதல், 15 விழுக்காட்டுக்கு மேல் ஆல்ககால் உள்ள மதுவை, உரிமம் பெற்ற வெளி விற்பனையாளர் வழங்கினாலன்றி, கிளை வீடுகளில் தடைசெய்திருந்தது. அந்த விதி இந்த வீட்டுச் சமையலறைக் கதவிலேயே ஒட்டப்பட்டிருந்தது.

நள்ளிரவு தாண்டி, பதினெட்டு வயதுப் புதுமுகம் ஒருவர் நிலவறைத் தரையில் நினைவிழந்து கிடந்தார். இரண்டு மூத்தவர்கள் அவரைத் தூக்கி ஒரு சோஃபாவில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகில் ஒரு பையை முட்டுக்கொடுத்துவிட்டு, தூங்கினால் தெளிந்துவிடும் என்று மாடிக்குப் போய்விட்டார்கள். 1:40 மணிக்கு இன்னொரு புதுமுகம், யாரையும் கேட்காமல் தன் கைபேசியிலிருந்து அவசர உதவி எண்ணான 911 ஐ அழைத்தார். உதவிக்கு அழைப்பவர் மீதும் மயங்கிக் கிடப்பவர் மீதும் மது அருந்தியதற்காக நடவடிக்கை எடுப்பதில்லை என்ற மாநில விதியைப் புது மாணவர் அறிமுக வகுப்பில் கேட்ட நினைவு இருந்தது என்று பிறகு அவர் சொன்னார். அந்தப் பகுதி இருபது நிமிட வகுப்பு. அதை வீண் என்று நிறுத்திவிட ஆண்டுதோறும் ஒரு யோசனை வரும்.

ஆம்புலன்ஸ் பின்சந்தில் வந்து நின்றது. நிலவறைப் பின்கதவில் சங்கிலி இன்னும் அப்படியே தொங்கியது; திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்று எவருக்கும் தெரியவில்லை. தூக்குப்படுக்கையை முன்வாசல் வழியாகக் கொண்டுபோய், குறுகிய உள்படியில் இறக்கி, மாணவரை மேலே கொண்டுவர ஒன்பது நிமிடம் கூடுதலாகச் செலவானது. அவர் இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து உடல் தேறினார். அந்த ஒன்பது நிமிடம் அவரைப் பாதிக்காமல் விட்டது மருத்துவர்களின் திறமையாலும் அதிர்ஷ்டத்தாலும்தானே தவிர, எங்கள் யாருடைய ஏற்பாட்டாலும் அன்று.

முதல் இரண்டு வாரம்

வெள்ளி காலை ஒன்பது மணிக்குக் கிளையின் எல்லா நடவடிக்கைகளையும் தற்காலிகமாக நிறுத்திவைத்துக் கடிதம் கொடுத்தோம்; அந்த முடிவு சரியானது என்றே இன்றும் கருதுகிறேன். திங்களன்று எடுத்த முடிவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. உள்ளூர்த் தொலைக்காட்சியில் செய்தி வந்த மறுநாள், வளாகத்தின் 28 கிளைகளின் சமூக நிகழ்ச்சிகளையும் மறு அறிவிப்பு வரை நிறுத்துவது என்று பல்கலைக்கழகத் துணைத் தலைவர் அலுவலகம் தீர்மானித்தது. அந்தக் கூட்டத்தில் நானும் ஆமாம் போட்டேன். எதையாவது செய்வதாகக் காட்டவேண்டிய அழுத்தத்தைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

விளைவு இரண்டு விதமாக வந்தது. வீடுகளில் நடந்த விருந்துகள், உறுப்பினர்கள் தனியாக வாடகைக்கு எடுத்திருந்த ஊரோரக் குடியிருப்புகளுக்கு இடம்பெயர்ந்தன. அங்கே வாசலில் விருந்தினர் பட்டியல் கிடையாது, குடிக்காமல் கண்காணிப்பவர் கிடையாது, தீயணைப்பு ஆய்வும் கிடையாது. இன்னொரு பக்கம், குற்றத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத சிறு சங்கங்கள் நசுங்கின. ஒன்பது பேர் மட்டுமே கொண்ட ஒரு கறுப்பின மாணவர் கிளை ஆண்டுதோறும் நடத்தும் உதவித்தொகை நிதித் திரட்டலைக் கைவிட்டது. தெற்காசியச் சொராரிட்டி ஒன்று நவம்பர் முதல் சனிக்கிழமைக்கு ஏற்பாடு செய்திருந்த தீபாவளி விருந்து நின்றுபோனது. (பண்டிகை எப்போதோ முடிந்திருக்கும், அமெரிக்காவில் தீபாவளி என்பது அரங்கு கிடைக்கும் சனிக்கிழமை.) அதன் தலைவி, திருப்பித் தரப்படாத அரங்கு முன்பணத்தின் ரசீதை என் மேசையில் வைத்து, தங்கள் விருந்தில் பரிமாறப்படவிருந்த மிகக் கடுமையான பானம் மோர்தான் என்றார். நான் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கச் சொல்லவில்லை.

இதற்கிடையே மூன்று விசாரணைகள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி நடந்தன. பல்கலைக்கழகத்தாரிடம் எதுவும் பேச வேண்டாம் என்று தலைமையகத்தின் வழக்கறிஞர் மாணவர்களிடம் சொன்னார். தலைமையகத்தோடு எதையும் பகிர வேண்டாம் என்று எங்கள் சட்டப் பிரிவு எங்களிடம் சொன்னது. 911 ஐ அழைத்த மாணவர் பதினொரு நாளில் காவல்துறையிடம் ஒரு முறை, எங்களிடம் ஒரு முறை, தலைமையகத்திடம் ஒரு முறை என அதே இரவை மூன்று முறை விவரித்தார். மூன்றாம் முறை முடிந்தபோது அவர் பெயர் வீடு முழுக்கத் தெரிந்துவிட்டது. கிளையின் குறுஞ்செய்திக் குழுவில் அவரைக் காட்டிக்கொடுத்தவன் என்றார்கள். உயிரைக் காப்பாற்றியவர் கிளையை விட்டு விலகி, நண்பர் வட்டத்தை இழந்து, விடுதி அறையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, மயங்கிக் கிடந்தவரை விட்டுப் போன இருவரும் வழக்கறிஞர் துணையோடு அதே வீட்டில் வசித்தார்கள்.

முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

நவம்பர் நடுவில் எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, அங்கீகாரத்தை நான்கு ஆண்டுக்கு ரத்து செய்வது. அப்போது இருக்கும் உறுப்பினர்கள் எல்லாரும் பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள் என்ற கணக்கில் பல பல்கலைக்கழகங்கள் இதைச் செய்கின்றன. மாணவரின் பெற்றோர் நிரந்தரமாகவே மூட வேண்டும் என்று கேட்டார்கள், அவர்களுக்கு அப்படிக் கேட்க முழு நியாயம் இருந்தது. இரண்டாவது, எல்லா ஃப்ரட்டர்னிட்டிகள் மீதும் கடுமையான புது விதிகளைச் சுமத்துவது. மூன்றாவது, கிளையை வைத்துக்கொண்டே நால்வரும் கையெழுத்திடும் நிபந்தனை ஒப்பந்தம் ஒன்றுக்கு வருவது.

முதல் இரண்டையும் நாங்கள் தயக்கத்தோடு தள்ளிவைத்ததற்கு மற்ற வளாகங்களின் அனுபவம் காரணம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் 2004 இல் ஒரு புதுமுக மாணவர் மது அருந்தவைக்கப்பட்டு இறந்தபின், அடுத்த ஆண்டு நிர்வாகம் முன்வைத்த ஒப்பந்தத்தை ஃப்ரட்டர்னிட்டிகள் ஏற்க மறுத்து, பல்கலைக்கழகத்துக்கு வெளியே தங்கள் சொந்தப் பேரவையை அமைத்துக்கொண்டன. 2018 இல் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்திலும், 2022 இல் தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்திலும் சில கிளைகள் அதே வழியில் வெளியேறின. வெளியேறிய கிளை ஒன்றும் மறைந்துவிடுவதில்லை; மாணவர்கள் அதே மாணவர்கள், வீடு அதே வீடு, நம்மிடம் தொலைபேசி எண் மட்டும் இருக்காது. எங்கள் ஊரிலும் இரண்டு சொத்துக் குழுக்கள் வெளியேறுவதைப் பற்றி வெளிப்படையாகவே பேசத் தொடங்கியிருந்தன.

டிசம்பரில் தலைமையகம் உறுப்பினர் ஒவ்வொருவரையும் தனித்தனியே நேர்கண்டு, 29 பேரை நீக்கியது. நிலவறையில் விட்டுப் போன இருவரும் அவர்களில் அடக்கம். 2023 ஜனவரியிலிருந்து இரண்டு ஆண்டு நிபந்தனைக் காலம் தொடங்கியது. வீட்டில் மது கூடாது. அந்த வசந்தத்தில் புது உறுப்பினர் சேர்க்கை கிடையாது. மாணவர் அல்லாத பெரியவர் ஒருவர் வீட்டில் தங்கிக் கண்காணிக்க வேண்டும், அவருக்கான அறையைச் சொத்துக் குழுவும் சம்பளத்தைத் தலைமையகமும் தர வேண்டும்.

ஆனால் ஒப்பந்தத்தின் உயிர், ஒரே பக்கத்தில் அடங்கிய அதன் இணைப்பில்தான் இருந்தது. அந்த வீட்டைப் பற்றி நால்வரில் யார் கைக்கு எழுத்துமூலமான அறிக்கை வந்தாலும், 48 மணி நேரத்துக்குள் மற்ற மூவருக்கும் அது போய்ச் சேர வேண்டும் என்பதே அந்த விதி. இதை எழுத ஒரு நாள் ஆனது. சட்டப் பிரிவுகள் ஒப்புக்கொள்ள ஆறு வாரம் ஆனது. தனி மாணவரின் பதிவுகளை வெளியாருக்குத் தருவதைக் கட்டுப்படுத்தும் 1974 ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் குறுக்கே நிற்கிறது என்பது எங்கள் தரப்பின் வாதம். அச்சட்டம் காப்பது மாணவரின் பதிவை, சங்கத்தின் பதிவை அன்று என்று பிரித்துக் காட்டியபின் வழி திறந்தது. பகிரப்படும் அறிக்கைகளில் மாணவர் பெயர் எதுவும் இராது. கதவு, அட்டவணை, நேரம், எண்ணிக்கை மட்டும் இருக்கும். அப்போது எங்களுக்குத் தெரிந்திருந்த மூன்று அறிகுறிகளில் எதிலுமே பெயர் தேவைப்பட்டிருக்கவில்லை என்பதையும் சுட்டிக்காட்டினோம்.

சொராரிட்டிகளின் பங்கைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனெனில் ஆவணங்களில் அது ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது. பான்ஹெலெனிக் சொராரிட்டி வீடுகளில் மது அனுமதி இல்லை. அதனால் விருந்துகள் எப்போதும் ஆண்களின் வீடுகளுக்குப் போகின்றன. வாசலில் யாரை விடுவது, கோப்பையில் எதை ஊற்றுவது, இரவில் யார் காரில் யார் வீடு திரும்புவது என்ற மூன்றும் அதன் வழியே ஆண்களின் கைக்குப் போய்விடுகின்றன. இந்த நிகழ்வுக்குப் பிறகு சொராரிட்டிப் பேரவை, எங்களைக் கேட்காமலேயே கூடி, எந்த ஃப்ரட்டர்னிட்டியோடு நடத்தும் கூட்டு விருந்தும் உரிமம் பெற்ற பொது அரங்கில், இரு தரப்பிலிருந்தும் குடிக்காத கண்காணிப்பாளர்களோடுதான் நடக்க வேண்டும் என்று தீர்மானித்தது. எங்கள் கடிதங்களுக்கு அசையாத மூன்று கிளைகள் இந்தத் தீர்மானத்துக்கு ஒரே வாரத்தில் இணங்கின. பெண்கள் வராத விருந்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். முதல் புகாரைப் படிவத்தில் எழுதியதும் ஒரு சொராரிட்டி மாணவிதான் என்பதை இங்கே மீண்டும் நினைவூட்டுகிறேன்.

பின்பு நடந்தவை

2023 வசந்தம் அமைதியாகக் கழிந்தது. அந்த இலையுதிர் காலத்தில் கிளைக்குப் பதினொரு புதுமுகங்கள் கிடைத்தார்கள். கோபமுற்ற முன்னாள் மாணவர் ஒருவர் கூரை பழுதுபார்க்கத் தருவதாக இருந்த நன்கொடையை நிறுத்திக்கொண்டார். வீட்டில் தங்கவந்த முதல் கண்காணிப்பாளர், கொதிகலனுக்குப் பக்கத்து அறையில் தங்கவைக்கப்பட்ட ஒரு முதுகலை மாணவர், ஒரே செமஸ்டரில் விலகினார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரான இரண்டாமவர் நிலைத்தார். அவர் முதலில் கேட்டது வேறு அறை, இரண்டாவதாகக் கேட்டது எல்லாப் பூட்டுகளுக்கும் மாற்றுத் திறவுகோல்.

2024 பிப்ரவரியில், மூத்தவர்கள் சிலர் புதுமுகங்களை நள்ளிரவில் எழுப்பி ஏவல் வேலைக்கு அனுப்புவதாகக் கிளைத் தலைவரே நால்வருக்கும் எழுதினார். அடுத்த நான்கு நாளில் மூவரின் உறுப்பினர் தகுதி நிறுத்திவைக்கப்பட்டு, பயிற்சி அட்டவணை மாற்றப்பட்டது. அந்தக் கல்வியாண்டில் இந்த வீட்டைப் பற்றி நால்வருக்குள் சுற்றிய அறிக்கைகள் 17. முந்தைய ஆண்டுகளில் எங்கள் கோப்பில் ஓரிரண்டுதான் இருந்தன. துணைத் தலைவர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, ஒப்பந்தம் தோற்றுவிட்டதா என்று கேட்டார். எண்ணிக்கை கூடினால் நிலைமை மோசம் என்று படிக்கும் பழக்கத்தை நிர்வாகத்திடம் மாற்ற எனக்கு ஒரு செமஸ்டர் பிடித்தது; முழுமையாக மாற்றினேனா என்பது சந்தேகம்.

நிபந்தனைக் காலம் 2024 டிசம்பரில் முடிந்தது. அதே மாதம் 23 ஆம் தேதி, வளாக ஹேஸிங்கைத் தடுப்பதற்கான கூட்டாட்சிச் சட்டம் அமெரிக்க அதிபரின் கையெழுத்தைப் பெற்றது. வளாகக் குற்றங்களை வெளியிடச் சொல்லும் 1990 ஆம் ஆண்டின் கிளெரி சட்டத்தைத் திருத்திய அச்சட்டம், 2025 ஜனவரி முதல் ஹேஸிங் சம்பவங்களைக் கணக்கெடுக்கவும், விதிமீறலுக்குப் பொறுப்பாளி எனக் கண்டறியப்பட்ட சங்கங்களின் பெயரைப் பொதுமக்கள் பார்க்கும்படி அறிக்கையாக வெளியிடவும் கல்வி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. மகனை அந்த வீட்டுக்கு அனுப்பும் தாய்க்கு அந்தப் பட்டியலைப் பார்க்கும் உரிமை இருந்தே ஆகவேண்டும். ஆயினும் பிப்ரவரி மாதத்தில் தானாக முன்வந்து எழுதியதைப் போல இனியும் எழுதினால் தங்கள் பெயர் அந்தப் பட்டியலில் ஏறுமா என்று கிளைத் தலைவர் என்னிடம் கேட்டார். விசாரித்துப் பொறுப்பாளி என்று முடிவானால் ஏறும் என்றேன். அந்தப் பதிலுக்குப் பிறகு நான் அங்கிருந்த மாதங்களில் அவர்களிடமிருந்து தானாக முன்வந்து எழுதப்பட்ட கடிதம் எதுவும் வரவில்லை. எழுத வேண்டியது எதுவும் நடக்காததாலும் இருக்கலாம்.

மருத்துவமனைக்குப் போன மாணவர் 2023 இலையுதிர் காலத்தில் தம் ஊருக்கு அருகில் உள்ள வேறொரு பல்கலைக்கழகத்துக்கு மாறினார். முடிவைத் தெரிவிக்க நாங்கள் கூட்டிய சந்திப்புக்கு அவர் பெற்றோர் வர மறுத்துவிட்டார்கள். 911 ஐ அழைத்தவருக்குத் தலைமையகம் முழு உறுப்பினர் தகுதி தர முன்வந்தது. அவர் வேண்டாம் என்று ஒரு வரியில் பதில் எழுதினார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

அனைத்துக் கிளைகளையும் நிறுத்தும் ஆணையை இன்னொரு முறை ஆதரிக்கமாட்டேன். நிறுத்தியே ஆகவேண்டிய நிலை வந்தாலும், மது பரிமாறப்படாத நிகழ்ச்சிகளுக்கு விலக்கு முதல் நாள் கடிதத்திலேயே இருக்க வேண்டும். தீபாவளி விருந்தின் முன்பணத்தை அலுவலக நிதியிலிருந்து திருப்பித் தர ஐந்து மாதம் பிடித்தது. அதற்குள் அந்தச் சொராரிட்டிக்கு எங்கள் மீதிருந்த நம்பிக்கை போய்விட்டது.

சாட்சி சொல்பவரை ஒரே முறை, ஒரே அறையில், மூன்று தரப்பின் கேள்விகளையும் சேர்த்து விசாரிக்க முன்கூட்டியே எழுத்துமூலமான ஏற்பாடு வேண்டும். குற்றவியல் விசாரணை நடக்கும்போது காவல்துறையை அதில் சேர்ப்பது கடினம் என்பதை ஏற்கிறேன்; பல்கலைக்கழகமும் தலைமையகமும் சேர்வதற்குத் தடையே இல்லை. அவர் பெயர் வெளியே தெரிந்த நாளில் அவருக்கென்று ஒரு நபரை நியமித்திருக்க வேண்டும்; நாங்கள் ஆலோசனை மையத்தின் துண்டறிக்கையைக் கொடுத்து அனுப்பினோம்.

வீட்டில் வேலை செய்பவர்களிடம் நாங்கள் பேசவே இல்லை. சமையற்காரம்மாவின் நோட்டு எங்கள் கைக்கு வந்ததே, மளிகைக் கணக்கைச் சரிபார்த்த சொத்துக் குழுவின் கணக்கர் மூலம், 2023 பிப்ரவரியில்தான். அதுவரை மூன்று அறிகுறிகள் என்றே எல்லா அறிக்கைகளிலும் எழுதியிருந்தோம். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டபோது, சொன்னேனே, பால் பணம் வாங்கினேனே என்றார். இப்போது ஒப்பந்தத்தில் அவரும் துப்புரவுப் பணியாளரும் நேரே அழைக்கக்கூடிய எண் ஒன்று இருக்கிறது. அழைத்ததற்காக வேலை போகாது என்று சொத்துக் குழு கையெழுத்திட்டும் இருக்கிறது.

மின்னஞ்சல் விஷயம் மிக எளியது. தலைமையகங்களிடமிருந்து வரும் எல்லா அறிக்கைகளும் இன்று தனிநபர் பெயரில்லாத ஒரு பொது முகவரிக்குப் போகின்றன. வாரம் ஒரு முறை இருவர் அதைத் திறந்து பார்த்துக் கையொப்பமிடுகிறார்கள்.

எஞ்சியிருப்பது ஆள் மாற்றம். கிளைத் தலைவர் ஒவ்வொரு ஜனவரியிலும் மாறுகிறார், பயண ஆலோசகர் ஆண்டுதோறும் மாறுகிறார், எங்கள் பதவியிலும் யாரும் நெடுங்காலம் நிற்பதில்லை. நான் விலகிய 2025 மே மாதத்தில் அந்த ஒரு பக்க இணைப்பை எடுத்துப் பார்த்தேன். அதிலிருந்த நான்கு கையெழுத்துகளில் மூன்று, அந்தப் பதவிகளில் இல்லாதவர்களுடையவை, நான்காவது என்னுடையது. ஒவ்வொரு ஜனவரியிலும் நால்வரும் நேரில் கூடி, அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்து, பின்கதவைத் திறந்து மூடிப் பார்த்த பிறகு புதிதாகக் கையெழுத்திட வேண்டும் என்ற திருத்தத்தை எழுதி, எனக்குப் பின் வருபவரின் கோப்பில் முதல் தாளாக வைத்துவிட்டு வந்தேன்.